காலில் கட்டிய பை

ரயிலில் யாராவது பிஸ்கட் நீட்டினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அதில் மயக்க மருந்து இருக்கும். திருநெல்வேலி ஜங்ஷனில் வண்டி ஏறிய எவனும் அந்தக் காலத்தில் வீட்டாரிடம் இந்த எச்சரிக்கையைக் கேட்காமல் ஏறியதில்லை. பிஸ்கட் கொடுப்பான், தின்றதும் தூங்கிவிடுவாய், விழிக்கும்போது பெட்டி இருக்காது, மோதிரம் இருக்காது, சில சமயம் வேட்டியும் இருக்காது. கட்டியிருந்த வேட்டியை வைத்துக்கொண்டு திருடன் என்ன செய்வான் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பயப்படுகிற விஷயம் என்று வந்துவிட்டால் முழுசாக நம்பிவிடுவது என் சுபாவம்.

அப்படிப்பட்ட நான் தொண்ணூறுகளின் நடுவில், முப்பத்திரண்டாவது வயதில், முதுகில் பையை மாட்டிக்கொண்டு வெளிநாடு கிளம்பினேன். வெளிநாடு என்றால் நேப்பாளம். பாளையங்கோட்டையில் என் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது பக்கத்து மேஜைக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தார்.

"பாஸ்போர்ட்டு கேக்காத ஊரெல்லாம் வெளிநாடா வே? அப்பம் நான் தினம் சேரன்மாதேவியில இருந்து ஆத்தைத் தாண்டி வாரேன். நானும் ஃபாரின் ரிட்டர்ன்தான்."

யோசனை என்னுடையது அல்ல. காயல்பட்டினத்து நண்பன் ஒருவனுடையது. பதினேழு வயதில் பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து பழக்கம். படிப்பு முடிந்து அவன் துபாயில் ஒரு கடைக்குப் போனான், நான் அரசாங்க வேலைக்குப் போனேன். இரண்டு பேரும் போனது பாலைவனத்துக்குத்தான், எனக்கு மட்டும் பென்ஷன் உண்டு என்பான். துபாயில் அவன் அறையில் நான்கு நேப்பாளிகள். அவர்கள் ஊர்க்கதை சொல்லிச் சொல்லி மலை அவன் தலைக்குள் ஏறிவிட்டது. அந்த முறை இரண்டு மாத விடுப்பில் வந்தவன், ஊரில் பெண் பார்க்க ஆரம்பிப்பதற்குள் மலையைப் பார்த்துவிட வேண்டும் என்று என்னைப் பிடித்துக்கொண்டான். இந்தி அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் ரயில் நிலையப் பலகையில் தார் பூசப்பட்டிருந்த பகுதிதான்.

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். மலை ஏறப் போகிறேன் என்றால், பொதிகை மலைக்கு என்ன கேடு என்று கேட்பாள். அதனால் பசுபதிநாதரை முன்னால் நிறுத்தினேன். சிவன் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் பாதிக் கதவு திறந்துவிடும்.

"கூட யாரு வாரா?" என்று அம்மா மீதிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவன்தான்மா. காயல்பட்டினத்தான்."

"அவன் எதுக்குலே பசுபதிநாதர் கோயிலுக்கு?"

"சாமியை நான் பாத்துக்கிடுவேன். என்னைய அவன் பாத்துக்கிடுவான்."

அம்மா மீதிக் கதவையும் விட்டாள். பிறகு முன்னறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த அவனிடமே போய், "ஏ தம்பி, இவன் ஒரு பயந்தாங்கொள்ளி. பைய நிதானமா கூட்டிட்டுப் போயி பைய கூட்டிட்டு வந்துரு" என்றாள். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, "சரிம்மா" என்றான்.

பையில் ஒரு வாரத்துக்கான பருப்புப்பொடி, சுக்கு, இரண்டு நாளுக்குப் புளியோதரை. பையின் தலையில் ஒரு பத்தமடைக் கோரைப்பாய், சுருட்டிக் கட்டியது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் முதுகில் ஏதோ ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டு போகிற படத்தைப் பார்த்திருந்தேன். அது பாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடைசியாக, அலுவலகம் பக்கத்துக் கடையில் நான்கு முழம் நைலான் கயிறு வாங்கினேன். தூங்கும்போது பையை என் கணுக்காலோடு கட்டிக்கொள்வதற்கு. பையை இழுத்தால் நான் விழித்துக்கொள்வேன் என்பது திட்டம். இழுக்கிறவன் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

சென்னையிலிருந்து நேப்பாள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற கோரக்பூருக்கு இரண்டு நாள். நண்பன் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை குடும்பங்களின் டப்பாவிலும் கைவிட்டான். பூரி, ஊறுகாய், கடலை உருண்டை, பிஸ்கட். ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது நான் அவன் கண்ணிமையைக் கவனித்தேன்.

"என்ன லே பாக்கே?"

"தூக்கம் வருதா?"

"வருது. மத்தியானம் மூணு மணி. மனுசனுக்கு வரும்லா?"

எதிர் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள் எனக்கு நீட்டிய பூரியை நான் வயிற்றைத் தொட்டுக் காட்டி மறுத்தேன். அவர் உடனே ஓமத்தை எடுத்து நீட்டினார். அதையும் மறுத்தேன். கெட்டுப்போக ஆரம்பித்திருந்த புளியோதரையைத் தின்றேன். கோரக்பூர் வரும்போது மொத்தப் பெட்டியில் வயிறு சரியில்லாத ஒரே ஆள் நான்தான்.

காட்மாண்டுவில் பசுபதிநாதருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அந்தக் கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும் அனுமதி. நண்பன் வெளியே என் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றான். நான் விபூதியோடு வந்தபோது, "வா லே. செருப்புக்கும் எனக்கும் ஒரே மரியாதை இங்கன" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். நன்றாகச் சிரித்தேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பிறகு பொக்கராவுக்குப் பஸ். அங்கிருந்து ஒரு சாலை முடிவுவரை இன்னொரு பஸ். அதற்கு மேல் கால்தான். கல்படிகள். நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தை மூன்று சுற்று சுற்றினாலே மூச்சு வாங்குகிறவனுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள், நானே மூன்று நாள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வழியில் வீடுகளே கடைகள், கடைகளே விடுதிகள். சோறு, பருப்பு, ஏதோ கீரை. அவனுக்கு ஹலால் வேண்டும், எனக்குச் சைவம் வேண்டும். இரண்டும் பருப்பில் வந்து சேர்ந்துகொண்டன. இரவுகளில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அது நடந்தது.

அந்த மலைப்பாதைகளில், நம் ஊரில் சுமைதாங்கிக் கல் இருக்கிற மாதிரி, அரசமரத்தைச் சுற்றிக் கல்மேடை கட்டி வைத்திருப்பார்கள். முதுகுச் சுமையை அதில் சாய்த்து இளைப்பாறலாம். அப்படி ஒரு மேடையில் நான் படுத்தேன். நண்பன் கீழே ஓடையில் முகம் கழுவப் போனான். ஆள் நடமாட்டமே இல்லை. இருந்தாலும் கயிற்றை எடுத்துக் கணுக்காலையும் பையையும் இணைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினேன்.

ஏதோ இழுத்தது. கண்ணைத் திறந்தேன். என் காலடியில் ஒரு மனிதர் குனிந்து நிற்கிறார். தலையில் தொப்பி, கையில் அரிவாள், இன்னொரு கை என் பையின் மேல்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "எம்மா" என்று கத்தியதாக, ஓடையிலிருந்தே கேட்டதாக, நண்பன் பின்னாளில் ஊர் முழுக்கச் சொன்னான். கத்திக்கொண்டே துள்ளி எழுந்தேன். எழுந்த வேகத்தில் பையை உதைத்தேன். பை மேடையின் விளிம்பைத் தாண்டி விழுந்தது. பை போன இடத்துக்குக் காலும் போனது. காலோடு நானும் போனேன்.

ஆள் உயரம்கூட இருக்காது. ஆனால் கணுக்கால் உள்ளே ஏதோ ‘நறுக்’ என்றது. மல்லாந்து கிடந்த எனக்கு மேடைமேல் முதலில் தெரிந்தது அந்த மனிதர் அல்ல, ஓர் ஆடு. அதன் வாயிலிருந்து ஒரு முழம் கோரைப்பாய் தொங்கிக்கொண்டிருந்தது. அது மென்றுகொண்டே என்னை எட்டிப் பார்த்தது.

நண்பன் ஓடி வந்தான். அந்த மனிதரும் அவனும் இந்தியில் பேசினார்கள். நண்பன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஆடு ஒன் பாயைத் தின்னுருக்கு வே. அவரு புல்லறுத்துட்டு வந்தவரு, பாத்துட்டு வெரட்ட வந்துருக்காரு. அவரோட ஆடுகூட இல்லையாம்."

"அரிவா எதுக்கு வச்சிருக்காரு?"

"புல்லை என்ன, பல்லாலயா அறுப்பாங்க?"

கால் அதற்குள் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஊன்றினால் கண்ணில் பூச்சி பறந்தது. பஸ் வருகிற வேறொரு சாலை, மலையின் மறுபக்கம், கீழே நான்கு மணி நேர இறக்கத்தில் இருந்தது. அந்த மனிதரின் வீடு பக்கத்தில், ஒரு வளைவுக்கு அப்பால். இரண்டு பேரும் ஆளுக்கொரு தோள் கொடுத்து என்னை அங்கே கொண்டு சேர்த்தார்கள். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இத்தனையும் ஒரு திட்டமாக இருந்தால்? ஆடும் அவர்கள் ஆளாக இருந்தால்?

நண்பனிடம் மெதுவாகச் சொன்னேன். அவன் பதிலும் மெதுவாகத்தான் வந்தது. "லே, ஒன்னையக் கொல்லணும்னா இந்தா இருக்கு பள்ளம், ஒரு தள்ளு போதும். எதுக்கு இவ்வளவு கனத்தைச் சொமந்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு?"

மண் பூசிய சின்ன வீடு. முன்னால் தாழ்வாரம். எங்களைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். அவர் மனைவி மஞ்சளும் கடுகெண்ணெயும் சுடவைத்து என் காலில் பூசித் துணியைச் சுற்றினார். பிறகு பால் விடாத தேயிலைத் தண்ணீர் வந்தது. ஒரு வாய் குடித்தேன். தொண்டையில் சுரீர் என்றது.

"இதுல என்னமோ போட்டுருக்காங்க லே."

"மொளகு" என்றான் நண்பன், தன் கிளாஸை முடித்துவிட்டு.

சற்று நேரத்தில் எனக்குக் கண் சொருகியது. "ஏலே, மருந்து வேலை செய்யுது" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "காலையில இருந்து நடந்துருக்கோம், மேடையில இருந்து உருண்டுருக்கே. வேலை செய்யத்தான் செய்யும், தூங்கு" என்று என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். தூங்கினேன். விழித்தபோது பை இருந்தது, மோதிரம் இருந்தது, வேட்டிக்குப் பதில் போட்டிருந்த பேண்டும் இருந்தது. தலைக்கடியில் யாரோ ஒரு போர்வையை மடித்து வைத்திருந்தார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சாப்பாடு வந்தது. வீட்டுக்காரர் உள்ளே அடுப்பங்கரையில் உட்கார்ந்தார். எங்கள் தட்டு தாழ்வாரத்துக்கு வந்தது. அந்த அம்மாள் சோற்றை மேலே இருந்து, தட்டில் கரண்டி படாமல் போட்டார். போதும் போதும் என்ற பிறகும் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் முற்றத்துக் குழாயைக் கைகாட்டினார். நண்பன் எழுந்து இரண்டு தட்டையும் இரண்டு கிளாஸையும் கழுவிக் கவிழ்த்தான். அந்த அம்மாள் அதன்மேல் தண்ணீர் தெளித்து, பிறகுதான் உள்ளே எடுத்துப் போனார்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரர் மார்பில் பூணூலை நான் பார்த்திருந்தேன்.

"இவங்க நம்மள யாருன்னு நெனச்சிட்டாங்க?" என்றேன். "நான் சைவம்னு சொல்லு லே. முட்டைகூட தொட மாட்டேன்னு சொல்லு. பாட்டன் பூட்டன் வரைக்கும் சொல்லு."

"சொல்லுதேன். பக்கத்துல இருக்கவன் யாருன்னு கேட்டா?"

நான் காலில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தேன்.

"என்னையச் சேத்துத்தான் ஒனக்கு இங்கன வெளி எடம். கொஞ்சம் தள்ளி உக்காந்தா ஒருவேளை உள்ள விடுவாங்க, கேட்டுப் பாக்கட்டுமா?"

"அதுக்கில்ல லே. விருந்தாளிய வெளிய உக்கார வச்சி, தட்டையும் அவனையே கழுவச் சொல்லுதது என்ன வழக்கம்?"

"ஒங்க வீட்டுல பரவாயில்ல" என்றான் அவன், சுவரில் சாய்ந்துகொண்டு. "ஒங்கம்மாவே கழுவி வச்சிருதாங்க."

"என்னத்த?"

"என் டம்ளரை."

எந்த டம்ளர் என்று கேட்டேன். கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் சொன்னான். குறை சொல்கிற குரல் அல்ல, கடைக்குப் போய் வந்தவன் சரக்கு விவரம் சொல்கிற குரல்.

"வாய்ப்பக்கம் நெளிஞ்ச எவர்சில்வர் டம்ளர். கெணத்தடி ஜன்னல்ல கவுத்திருக்கும். காலேஜு படிக்கும்போது மொத வருசம் எனக்குத் தெரியாது. அப்புறம் பாத்தா, ஒனக்கு வாரது வேற வேற டம்ளர். எனக்கு எப்பம் வந்தாலும் அதே நெளிசல். பெருவெரல் வைக்கதுக்கு வாட்டமா இருக்கும்."

எங்கள் வீட்டில் அவன் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான். இலையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இலையைச் சுருட்டி எறிந்துவிடலாம். டம்ளரைத்தான் எறிய முடியாது. நானும் பதினைந்து வருடமாக அந்த ஜன்னலைத் தாண்டித்தான் பல் தேய்க்கப் போகிறேன். அங்கே ஒரு டம்ளர் கவிழ்ந்திருப்பது கண்ணில் பட்டிருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பிஸ்கட்டில் இல்லாத மருந்தையெல்லாம் கண்டுபிடிக்கிற மூளை அது.

"பெறவு எதுக்குலே வந்தே?"

"காப்பிக்கு."

"விளையாடாதே."

"நெசமாத்தான். ஒங்கம்மா டம்ளரைத்தான் மாத்தி வச்சாங்க. டிகாஷனை மாத்தலயே. ஒனக்கு ஊத்துன அதே காப்பிதான எனக்கும் ஊத்துனாங்க? எங்க உம்மாகூட அப்படிப் போட மாட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ என்ன செய்வே? பயப்படுவே" என்றான். பிறகு கிழிந்த கோரைப்பாயை விரித்து எனக்கு நல்ல பாதியைத் தள்ளிவிட்டு, ஆடு தின்ற பாதியில் படுத்தான். அன்று நான் கயிறு கட்டவில்லை. கட்டுவதற்குக் கால் இல்லை என்பதும் ஒரு காரணம்.

காலையில் வீட்டுக்காரர் ஒரு மூங்கில் கூடையோடு நின்றார். விறகு சுமக்கிற கூடை. ஒரு பக்கம் வெட்டப்பட்டு, உள்ளே ஒரு பலகை. அதில் நான் உட்கார வேண்டும். கூடையில் கோர்த்த பட்டையை அவர் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டு கீழே இறங்குவார். நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகிறவர்களையும் இப்படித்தான் இறக்குவார்களாம்.

அவர் என் தோள் உயரம். என் எடை எழுபத்தைந்து கிலோ. சாலைவரை செங்குத்தான கல்படி, நடுவில் ஒரு தொங்குபாலம். அவர் கால் ஒருமுறை வழுக்கினால் திருநெல்வேலியில் ஓர் அரசாங்க வேலை காலியாகும்.

"நான் இங்கனயே இருக்கேன்" என்றேன். "கால் சரியானதும் நடந்து வாரேன்."

"ஒரு மாசம் ஆவும். கெடக்கியா? தட்டு நீயே கழுவணும்."

"நீ தூக்கு."

நண்பன் கூடையை வாங்கி மாட்டி, என்னை ஏற்றி, பத்தடி போய்விட்டு இறக்கி வைத்தான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து வீட்டுக்காரர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

ஏறினேன். ஏறியதும் நைலான் கயிற்றை எடுத்து இடுப்பையும் கூடையையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டி, என் மடியிலேயே வைத்தார்.

நண்பன் மொழிபெயர்த்தான்: "கட்டக் கூடாதாம். அவரு ஒருவேளை விழுந்தா நீ தனியாத் தாவணுமாம். ரெண்டு பேரும் சேந்து போவக் கூடாதாம்."

விழுவதைப் பற்றி அவர் எனக்கு முன்பே, என் பக்கத்திலிருந்து யோசித்து வைத்திருந்தார். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கூடையில் உட்கார்ந்தால் பார்வை பின்பக்கம். போகிற வழி தெரியாது, வந்த வழிதான் தெரியும். என் முதுகுக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் மூங்கில் பிளாச்சு. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சு நின்றால் படி வருகிறது, மூச்சு விட்டால் படி இறங்கியாயிற்று. முதல் அரைமணி நேரம் நான் அவருக்குப் பதிலாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தேன். திருவாசகத்தில் எனக்குத் தெரிந்த நான்கு வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பின்னால், அதாவது எனக்கு எதிரே, இரண்டு பையையும் சுமந்துகொண்டு நண்பன் வந்தான். "எங்க ஊருல செத்தவங்க மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில வச்சித் தூக்கிட்டுப் போவாங்க லே" என்றான். "அதுல போறவன்கூட இப்பிடி முழிக்க மாட்டான்."

"சும்மா வா லே. அவருக்குச் சிரிப்பு வந்து வழுக்கிரப் போவுது."

தொங்குபாலத்தில் பாதி தூரம் வந்ததும் பாலம் பக்கவாட்டில் ஆடியது. வீட்டுக்காரர் நின்றார். அப்படியே நின்றார். கீழே ஆறு வெள்ளையாகச் சத்தம் போட்டது. நம் ஆறு மாதிரி இல்லை. குறுக்குத்துறையில் படியில் உட்கார்ந்து காலை விட்டால் தாமிரபரணி காலைத் தடவிக்கொண்டு போகும். இதில் காலை விட்டால் திருப்பிக் கொடுக்காது. நான் என் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நண்பனைப் பார்த்தேன். அவனும் சிரிக்கவில்லை. ஆட்டம் அடங்கும்வரை மூன்று பேரும் நின்றோம். பிறகு அவர் நடந்தார். அதற்குப் பிறகு மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டேன். எனக்கு அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஒருவழியாகப் புரிந்திருந்தது. ஒரு வளைவில் நான் தூங்கியும்விட்டதாக நண்பன் சத்தியம் செய்கிறான்.

சாலையில் என்னை ஒரு கல்மேல் இறக்கினார். நாங்கள் கொடுத்த பணத்தைக் கூச்சமும் பேரமும் இல்லாமல் வாங்கிக்கொண்டார். என் மடியிலிருந்த நைலான் கயிற்றைப் பார்த்து ஏதோ கேட்டார். ஆட்டைக் கட்ட உதவுமாம். மேடையில் வந்தது அவர் ஆடு இல்லைதான், ஆனால் அவரிடமும் ஆடு உண்டாம். கொடுத்தேன்.

பிறகு அவர் சாலையோரக் குழாயடிக்குப் போனார். முகம், கை, கால் கழுவினார். தலையில் தண்ணீரை விட்டுக்கொண்டு பூணூலை நனைத்து உதறினார். அதற்கப்புறம்தான் மடியிலிருந்த அவலை எடுத்து வாயில் போட்டார்.

"ஒன்னையத் தொட்டதுக்கா, என்னையத் தொட்டதுக்கா?" என்றேன்.

"ஒன்னையத்தான் நாலு மணி நேரம் சொமந்தாரு. கணக்குப்படி ஒனக்குத்தான் தண்ணி அதிகம்" என்றான்.

பாளையங்கோட்டைக்கு வந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தபோது அம்மா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கேட்டாள்.

"தூக்கிட்டு வந்தவங்க என்ன ஆளுக?"

"பூணூல் போட்டவரும்மா."

"நல்லவேளை" என்றாள்.

"எறக்கி விட்டுட்டுத் தலையோட தண்ணி ஊத்திக்கிட்டாரு."

"எதுக்கு?"

"என்னையத் தொட்டதுக்கு."

"ஒன்னையவா? நாம என்ன..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பு அணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவளிடம் நேராகப் பேசியிருக்கலாம். அதற்குத் தைரியம் வேண்டும். என்னிடம் இருந்தது அம்மிக் குழவிதான். அம்மா கோயிலுக்குப் போன சாயங்காலம், ஒற்றைக்காலில் தத்திப் போய்க் கிணற்றடி ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்தேன். அலமாரியில் இருந்த மற்ற ஆறையும் எடுத்தேன். தரையில் உட்கார்ந்து ஆறின் வாய்ப்பக்கத்தையும் குழவியால் தட்டி நெளித்தேன். சும்மா சொல்லக் கூடாது, எவர்சில்வர் அவ்வளவு சுலபமாக மசியாது. பிறகு ஏழையும் ஒரே வரிசையில் அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்து படுத்துக்கொண்டேன்.

அம்மா வந்து பார்த்தாள். "கால்லதானலே அடி? மண்டைக்கு எப்பம் ஏறிச்சு?"

"கைதவறி விழுந்துட்டும்மா."

"ஏழுமா?"

மறுநாள் காலை நண்பன் வந்தான். முன்னறையில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுக்களையில் காப்பி மணம் வந்தது, காப்பி வரவில்லை. நான் எக்கிப் பார்த்தேன். அம்மா டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள், முதலில் வைத்ததையே மறுபடி எடுத்தாள். பாலில் ஆடை படிந்துகொண்டிருந்தது. என் நெஞ்சு தொங்குபாலம் மாதிரி ஆடியது.

கடைசியில் ‘ச்சே’ என்றொரு சத்தம். கைக்கு வந்த இரண்டில் ஊற்றிக் கொண்டுவந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் நடுவில் வைத்தாள்.

நண்பன் ஒன்றை எடுத்தான். அவன் பெருவிரல் பழக்கத்தில் விளிம்பைத் தேடிப் போனது. ஒரு நெளிசலைக் கண்டது, அது வாட்டமாக இல்லை, தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான்.

"ஏலே, என் டம்ளரை என்ன செஞ்சே?"

நான் காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினஞ்சு வருசம் பழகுன டம்ளர் வே அது. இது வாயைக் கிழிக்குது."

"நல்லாக் கேளு தம்பி அவனை" என்று அம்மா கதவோரத்திலேயே நின்று ஆரம்பித்தாள். "ஒண்ணு பாக்கியில்லாம நெளிச்சி வச்சிருக்கான். எது எதுன்னு எனக்கே தெரியல. நல்ல காலுலயும் கட்டுப் போட்டாத்தான் இவன் அடங்குவான்."

"மலையிலேயே விட்டுட்டு வந்துருக்கணும்மா" என்றான் அவன், அந்தக் காப்பியை வாய் வைத்துக் குடித்துக்கொண்டே. அம்மா அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்ற உள்ளே போனாள். போகும்போது அவன் வாய் வைத்த டம்ளரை வாங்கிக்கொண்டு போகவில்லை, பாத்திரத்தையே எடுத்துக்கொண்டு வந்தாள்.